உரிமமின்றி விற்ற பங்கும் வாங்கியோர் பரிகாரமும்

சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளையும் துறைமுகக் கரையின் சீமெந்துத் தொழிற்சாலையையும் திருகோணமலை வாசிகள் நாள்தோறும் காண்கின்றனர். அவற்றோடு தொடர்புடைய லங்கா ஐ.ஓ.சி., டோக்கியோ சீமெந்து ஆகிய கம்பனிகளின் பங்குகள் கொழும்புப் பங்குப் பரிவர்த்தனையில் விலைப்படுவன. உரிமம் பெற்ற தரகர் வாயிலாக எவரும் அவற்றை வாங்கலாம். ஆயின் வீடு தேடிவரும் முகவர் ஒருவர், பரிவர்த்தனையில் இடம்பெறாத கம்பனி ஒன்றின் பங்குகளை உரிமம் யாதுமின்றி விற்று, ஓய்வூதியர் ஒருவரின் சேமிப்பைப் பெற்றுச் சென்றாராயின், வாங்கியவருக்குச் சட்டம் அளிக்கும் பரிகாரம் யாது?

பங்கு வாணிகத்தைக் கண்காணிக்க இந்நாட்டில் 1987ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் தோன்றிற்று. 2021ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. உரிமமின்றித் தரகுத் தொழில் நடத்துதல் குற்றமாகும். அதுபற்றிப் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். 2007ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டப்படி, தனியார் கம்பனியொன்று தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்க முன்வருதலும் ஆகாது. ஏமாற்றிப் பணம் பெற்றதாயின் தண்டனைச் சட்டக்கோவையின் 403ஆம் பிரிவும் உண்டு. எனினும் விற்றவன் தண்டனை பெறுதல் ஒன்று. வாங்கியவர் பணம் மீளுதல் மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதிக் காலத்தைப் போக்குவோர் பலர். 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த நட்டஈட்டு நிதியும், உரிமம் பெற்ற தரகர் தம் கடப்பாட்டை நிறைவேற்ற இயலாதபோது உதவவே ஏற்பட்டது. உரிமமற்றவரை நம்பியவர் அதன் நிழலில் ஒதுங்க இயலாது.

அவருக்கு எஞ்சுவது குடியியல் வழக்கே. அதற்கு ஆதாரமாவது நம் நாட்டின் பொதுச் சட்டமாகிய உரோம ஒல்லாந்தச் சட்டம். திருகோணமலைக் கோட்டையைப் புதுக்கிக் கட்டிய ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியே 1602இல் தன் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றது என்பதும், கையில் இல்லாத பங்கை விற்றலை ஒல்லாந்த அரசு 1610இலேயே தடைசெய்தது என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. இச்சட்டப்படி, வஞ்சனையால் தூண்டப்பட்டு உடன்பட்டவர் ஒப்பந்தத்தை நீக்கித் தம் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். தாம் பெற்ற பங்குகளையும் பங்கிலாபத்தையும் திருப்பிக் கொடுத்தல் வேண்டும். சட்டத்துக்கு மாறான ஒப்பந்தத்தில் இருதிறத்தாரும் ஒத்த குற்றமுடையராயின், கொடுத்ததை நீதிமன்றம் மீட்டுத் தராது என்பது பழைய விதி. ஆயின் உரிமம் வேண்டுமென்ற சட்டம் வாங்குவோரைக் காக்கவே எழுந்தது. ஆதலின் அறியாது வாங்கியவரை விற்றவனோடு ஒரே தட்டில் நிறுத்துதல் பொருந்தாது. உண்மை அறிந்த பின்னும் பங்கிலாபத்தைப் பெற்று வாளாவிருந்தவர் நிலை வேறு. அவர் ஒப்பந்தத்தை ஏற்றவராகவே கொள்ளப்படலாம்.

அமெரிக்காவில் இத்துணை வாதத்திற்கு இடமில்லை. ஆங்குள்ள 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்யவேண்டியிருந்தும் பதிவு செய்யப்படாத பங்கை வாங்கியவர், அதனைத் திருப்பிக் கொடுத்து விலையை வட்டியோடு பெறலாம். வஞ்சனையை மெய்ப்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் ஓராண்டுக்குள் வழக்கிடல் வேண்டும். இந்தியாவில் சகாரா குழுமத்தின் இரு கம்பனிகள், பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரங்களை விதிமுறைக்கு மாறாக விற்றுத் திரட்டிய பணத்தை 15 வீத வட்டியுடன் திருப்புமாறு உச்ச நீதிமன்றம் 2012 ஓகஸ்ட் 31இல் ஆணையிட்டது.

இங்கு வழக்கை எங்கே தொடுப்பது? எதிராளி வசிக்குமிடத்து நீதிமன்றமேயன்றி, வழக்குக்குரிய காரணம் தோன்றிய இடத்து நீதிமன்றமும் அதிகாரமுடையது. ஆதலின் முகவர் கொழும்பினராயினும், பேச்சும் பணமும் இங்கே நிகழ்ந்தனவாயின் திருகோணமலை மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். காலமோ குறுகியது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், எழுத்து மூல ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டும், எழுத்தில்லாததற்கு 3 ஆண்டும், நட்டஈட்டு வழக்குக்கு 2 ஆண்டுமே அளிக்கின்றது. பற்றுச்சீட்டும் வங்கிப் பதிவும் முகவர் விடுத்த கடிதமும் பேணப்படல் வேண்டும். தீர்ப்புக் கிடைத்தும் எதிராளியிடம் சொத்து இல்லையேல் பயனில்லை. அவன் தன் சொத்தை வஞ்சனையாகக் கைமாற்றுகிறான் எனக் காட்டக்கூடுமாயின், தீர்ப்புக்கு முன்னரே அதனை முடக்குமாறு கேட்பதற்குக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் இடமுண்டு.