மடியில் குழந்தை: நியூற்றன் என்ன சொல்கிறார்?

கோயிலுக்கோ பிறந்தநாள் விழாவுக்கோ குடும்பமாகக் காரில் போகிறோம். பின் இருக்கையில் குழந்தை அழுகிறது. "பாவம், பிள்ளையைக் கழற்றித் தா, நான் வைத்திருக்கிறன்" என்கிறார் அம்மம்மா. கிட்டத்தானே, மெதுவாகத்தானே போகிறோம் என்று நாமும் சம்மதிக்கிறோம். இது சரியா? பள்ளிக்கூடத்தில் படித்த பௌதிகத்தைக் கொஞ்சம் மீட்டிப் பார்ப்போம்.

1687 இல் ஐசாக் நியூற்றன் வெளியிட்ட மூன்று இயக்க விதிகளில் முதலாவது இது: அசையும் பொருள், வெளிவிசை ஒன்று தாக்கும்வரை அதே திசையில் அதே வேகத்தில் சென்றுகொண்டே இருக்கும். ஊரில் மினிபஸ் திடீரென்று பிறேக் போட்டதும் நின்றவர்கள் எல்லோரும் முன்னால் சரிந்தது நினைவிருக்கும். எவரும் அவர்களைத் தள்ளவில்லை. பஸ் நின்றது, உடல்கள் நிற்கவில்லை. இதுவே சடத்துவம்.

இரண்டாம் விதி, விசை என்பது திணிவையும் ஆர்முடுகலையும் பெருக்க வருவது என்கிறது. கணக்கைச் செய்து பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் என்பது செக்கனுக்கு ஏறத்தாழ 14 மீற்றர். கார் ஒன்று மோதிச் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், 10 கிலோ குழந்தையை நிறுத்தத் தேவையான விசை ஏறத்தாழ 1400 நியூற்றன். அதாவது 140 கிலோ பாரம், வளர்ந்த ஆண்கள் இருவரின் நிறை. கண் இமைக்கும் நேரத்தில் வரும் இந்தப் பாரத்தை எந்தத் தாயின் கையாலும் பிடிக்க முடியாது. இது பாசத்தின் குறைபாடு அல்ல, தசையின் எல்லை. தாயும் பட்டி போடாதிருந்தால் அவரது உடலே குழந்தையை முன் இருக்கையோடு நசுக்கிவிடும்.

அந்த வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீற்றர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். வேகம் இரண்டு மடங்கானால் இயக்கசக்தி நான்கு மடங்காகும்.

ஆசனப்பட்டி என்ன செய்கிறது? உடல் நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. விசையை இடுப்பெலும்பு, நெஞ்சுக்கூடு, தோள் ஆகிய வலிய எலும்புகளில் பரப்புகிறது. இன்று நாம் அணியும் மூன்று முனைப் பட்டியை 1959 இல் வொல்வோ நிறுவனத்தின் பொறியியலாளர் நில்ஸ் போலின் உருவாக்கினார். மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தும்படி அந்தக் காப்புரிமை திறந்துவிடப்பட்டது.

கைக்குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடுகையில் பெரியது, கழுத்தோ மெலியது. பின்னோக்கிய இருக்கையில் அந்த விசை முதுகு முழுவதும் பரவுவதால் கழுத்து காக்கப்படுகிறது.

நாம் கவனிக்க வேண்டியவை:

* குழந்தை அழுதால் காரைப் பாதுகாப்பாக நிறுத்தி ஆற்றுங்கள். ஓடும் காரில் கழற்ற வேண்டாம்.
* இருக்கை அனுமதிக்கும் உயரமும் நிறையும் எட்டும்வரை பின்னோக்கியே இருத்துங்கள். காற்றுப்பை இயங்கும் முன் ஆசனத்தில் பின்னோக்கிய இருக்கையை ஒருபோதும் வைக்க வேண்டாம்.
* தடித்த குளிர்ச்சட்டைக்கு மேல் பட்டி போட்டால் மோதலில் சட்டை அமுங்கிப் பட்டி தளரும். சட்டையைக் கழற்றிப் பட்டியை இறுக்கிய பின் மேலே போர்வுங்கள்.
* விபத்தில் சிக்கியதா என்று தெரியாத பழைய இருக்கையை வாங்க வேண்டாம்.
* கர்ப்பிணிகள் இடுப்புப் பட்டியை வயிற்றுக்குக் கீழேயும், தோள் பட்டியை மார்பகங்களுக்கு இடையாகவும் அணிய வேண்டும்.
* பின்னால் இருக்கும் முதியவர்களும் பட்டி போட வேண்டும். போடாதவர் முன்னால் இருப்பவர் மேல் பாரமாக வந்து மோதுவார்.

பிள்ளைகளின் இருக்கை பற்றிய சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், வாழும் நாட்டின் விதியை அறிந்துகொள்ளுங்கள். நியூற்றனின் விதி மட்டும் எல்லா நாட்டிலும் ஒன்றே. அடுத்த முறை அம்மம்மா கை நீட்டும்போது, மறுப்பதற்குத் தயங்காமல் இந்தக் கணக்கை அன்போடு எடுத்துச் சொல்வோம்.