ஆசிடை வெண்பாவும் ஆசாரியார் நெருப்பும்

இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு மாணாக்கர் வினாக்களே சிறந்த உரையாகும். வலப்பனையில் யான் ஆசிடை நேரிசை வெண்பாவை விளக்கிய ஒரு நாள், தோட்டத்து மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஆசு என்றால் குற்றம் என்றீர்களே, குற்றத்தை வெண்பாவின் நடுவில் வைப்பானேன்?" என்று வினவினாள்.

இந்த ஆசு வேறு. முதற் குறளின் இறுதியும் தனிச்சொல்லும் ஓசையிற் பொருந்தாவிடத்து, ஓரசையோ ஈரசையோ கூட்டி இணைப்பர், அதுவே ஆசு. பொற்கொல்லர் இடும் பற்றாசினை இதற்கு உவமையாக்கினார் யாப்பருங்கலக்காரிகையின் உரையாசிரியர். அவ்வுவமையைப் பல்லாண்டு ஒப்பித்த யான், பற்றாசு உருகுவதை ஒருமுறையேனும் கண்டிலேன். நாணமுற்று, மாணாக்கர் சிலரோடு கடைவீதிப் பட்டறையை அடைந்தேன்.

ஆசாரியார் பழைய தோடொன்றைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார். அதன் விளிம்பில் ரவை வேலை. சில மணிகள் உதிர்ந்திருந்தன. பொற்கம்பியைத் துணுக்குகளாக நறுக்கிக் கரிமேல் இட்டுச் சுடரை ஊதினார். ஒவ்வொரு துணுக்கும் உருகித் தானே உருண்டையாயிற்று. உருகிய பொன் தன் மேற்பரப்பைச் சுருக்கிக்கொள்வதே காரணம். தேயிலைத் தளிரில் பனித்துளி திரள்வதும் அவ்வாறே.

பின்னர் மணிகளை வரிசையாக வைத்து, வெண்காரமும் பற்றாசுப் பொடியும் தூவிச் சுடரைச் சுழற்றினார். தூய பொன் உருக 1064 பாகை செல்சியசு வேண்டும். செம்பும் வெள்ளியும் கலந்த பற்றாசு அதற்கு முன்னரே உருகிவிடும். பொடி மிகுந்தால் மணிகளின் இடைவெளி தூர்ந்து மழுங்கும். சூடு மிகுந்தால் மணிகளே கரையும். "பொடி வைத்து ஊதுதல்" என்னும் வழக்கின் நுட்பம் அன்றுதான் எனக்குப் புலனாயிற்று.

பண்டை இத்தாலியின் எத்துருசுக்கர் இவ்வேலையிற் பெரும்புகழ் எய்தினர். பற்றாசின் தடமே தெரியாத அவர்தம் முறையை ஒத்த ஒன்றை, 1930களில் இங்கிலாந்தின் லிட்டில்டேல் கண்டறிந்தார்: செம்புச் சேர்மத்தைப் பசையோடு தடவிச் சுட்டால், செம்பு பொன்னோடு கலந்து தொடுமிடத்தில் மட்டும் ஒட்டும்.

மணியே இன்றி நெருப்பால் மட்டும் தோற்றம் அமைப்பதும் உண்டு. செம்பு கலந்த வெள்ளித்தகட்டைப் பலமுறை சுட்டு, நீர்த்த அமிலத்தில் இட்டெடுத்தால், மேற்புறச் செம்பு நீங்கித் தூய வெள்ளித்தோல் எஞ்சும். மீண்டும் சுடுங்கால் உள்ளீடு முதலில் உருகும், தோல் உருகாது. ஆறுகையில் உள்ளீடு சுருங்க, தோல் மடிந்து நம் மலைமுகடுகள்போல் வரிவரியாய் நிற்கும். ஒரு கணம் தவறினால் தகடு முழுதும் உருகிப் பாழாம்.

இவ்வேலையைத் தம் மைந்தர் கற்கவில்லை என்றார் ஆசாரியார். செட்டியார் தெருவிலிருந்து வார்ப்பு நகை வருங்கால், பழுதுபார்க்கவே தம்மை நாடுகின்றனர் என்றார். அவர் குரலில் வருத்தமில்லை, எனக்குத்தான் இருந்தது. தோடு அணிவார் என்றும் இருப்பர். உவமையைக் கண்ணாரக் காட்டுவார் இலராயின், உரைநூல் வெற்றெழுத்தன்றோ?

உலோகத்தைப் பற்றவைப்பதையும் "விளக்குதல்" என்றே நம் முன்னோர் வழங்கினர். ஆசிரிய நண்பர்களே, அருகிற் பட்டறை இருக்கும்போதே மாணாக்கரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள்.