அறுவடை மெஷின் முதலில் யார் வயலுக்கு?

கதிர் முற்றிவிட்டது. வானம் கருக்கிறது. இருப்பதோ ஒரே ஒரு அறுவடை மெஷின். அது முதலில் யார் வயலில் இறங்குவது? கூட்டாக மெஷின் பயன்படுத்தும் நெல் விவசாயிகளுக்கு இதைவிடச் சிக்கலான கேள்வி இல்லை.

நியூட்ரினோ திட்டத்தால் பெயர் தெரிந்த பொட்டிபுரம் பக்கம் மானாவாரி நிலங்கள் அதிகம். போடி மலைச்சரிவில் ஏலக்காய். அங்கிருந்து கம்பம் பள்ளத்தாக்குக்கு வந்தால் நெல் வயல்கள். லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கரில் முல்லைப் பெரியாறு தண்ணீரால் இருபோகம் விளைகிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். எல்லோருக்கும் ஒரே தண்ணீர் என்பதால் நடவும் அறுவடையும் அடுத்தடுத்தே வரும். அறுவடை நேரத்தில் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துகொண்டால் பயிர் சாயும். நனைந்த கதிர் வயலிலேயே முளைத்துவிடும்.

ஏன் கூட்டு?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு விவசாயி ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். அதாவது, இரண்டு ஏக்கருக்கும் குறைவு. சில மணி நேர வேலைக்காக லட்சக்கணக்கில் பணத்தை முடக்க அவரால் முடியாது.

இதற்காகவே 2017-18ல் கூட்டுப் பண்ணையத் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது. 20 பேர் சேர்ந்தால் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து குழுக்கள் சேர்ந்தால், 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. அதற்கு 5 லட்சம் ரூபாய் தொகுப்பு நிதி தரப்பட்டது. பவர் டில்லர், ரோட்டவேட்டர் போன்றவற்றை இதில் வாங்க முடிந்தது. நெல் அறுவடை மெஷினுக்கு இந்தப் பணம் போதாது. வாடகைக்குத்தான் எடுக்க வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையின் மெஷின்களை உழவன் செயலி மூலம் முன்பதிவு செய்யலாம்.

சண்டை வராமல் இருக்க...

* விதைக்கும்போதே வரிசையைப் பேசி முடித்துவிட வேண்டும். நாற்றங்காலைச் சில நாள் இடைவெளியில் போட்டால் அறுவடையும் பிரிந்து வரும்.

* ஆள் பார்த்து வரிசை போடக் கூடாது; வயல் பார்த்துப் போட வேண்டும். ரோட்டோர வயலை அறுத்தால்தான் உள்வயலுக்கு மெஷின் போக வழி கிடைக்கும். டீசலும் மிச்சம்.

* ஈர வயலில் டயர் மெஷின் புதையும். பெல்ட் மெஷின்தான் சரி. முன்பதிவுக்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும்.

* குழுவின் சொந்தக் கருவி என்றாலும் உறுப்பினரும் வாடகை கொடுக்க வேண்டும். அதில் ஒரு பங்கு பழுதுபார்க்கும் செலவுக்கு.

* எந்த வயலில், எத்தனை மணி நேரம் ஓடியது என்பது நோட்டில் ஏற வேண்டும். நோட்டு எல்லோர் பார்வைக்கும் இருக்க வேண்டும்.

இந்தப் பழக்கம் நம் விவசாயிகளுக்குப் புதிதல்ல. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சியவர்கள்தானே! தலைமடைக்காரர் மடையை அடைத்தால்தான் கடைமடைக்குத் தண்ணீர் போகும். மெஷினுக்கும் அதே நியாயம்தான். தன் வயல் முடிந்ததும் தாமதிக்காமல் அடுத்தவர் வயலுக்கு அனுப்பினால், மழைக்கு முன் எல்லோர் நெல்லும் களம் சேரும்.