சொல்லாமல் விடும் கலை: திரைக்கதை எழுத விரும்பும் மாணவிகளுக்கு

திரைக்கதை என்றதும் பலருக்கும் சினிமாக் கொட்டகையும் பாட்டும் சண்டையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் திரைக்கதை அடிப்படையில் ஓர் எழுத்து வடிவம். கவிதைக்கும் சிறுகதைக்கும் நாடகத்துக்கும் இருப்பது போல அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. தமிழ் கற்பிக்கும் நான் சில வருடங்களாக மாணவிகளுக்காகக் குறுந்திரைக்கதைகள் எழுதி வருகிறேன். வாழ்க்கைப் போராட்டம், குடும்பம், நம்பிக்கை ஆகிய மூன்றுமே பெரும்பாலும் அவற்றின் பொருள்.

எழுத ஆசைப்படும் மாணவிகள் என்னிடம் இரண்டு கேள்விகளைக் கேட்பதுண்டு. "எப்படித் தொடங்குவது டீச்சர்?" என்பது ஒன்று. "எங்கட வீட்டுக் கதையை எழுதலாமா டீச்சர்?" என்பது மற்றது. முதற் கேள்வி கலை பற்றியது. இரண்டாவது அமானிதம் பற்றியது. எதைச் சொல்லாமல் விடுவது என்று அறிந்துகொண்டால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். அதை விளக்கவே இக்கட்டுரை.

கண்ணுக்கும் காதுக்கும் எழுதுதல்

சிறுகதையில் "அவள் மனம் உடைந்தாள்" என்று எழுதலாம். திரைக்கதையில் அப்படி எழுத முடியாது. உடைந்த மனதைக் கமெரா படம்பிடிக்காது. திரையில் தெரிவதையும் கேட்பதையும் மட்டுமே எழுத வேண்டும்; அதையும் நிகழ்காலத்தில் எழுத வேண்டும். ஒவ்வொரு காட்சியின் தலைப்பிலும் மூன்று விபரங்கள் இருக்கும்: உள்ளேயா வெளியேயா, எந்த இடம், பகலா இரவா. வழக்கமான அமைப்பில் எழுதிய ஒரு பக்கம் ஏறத்தாழ ஒரு நிமிடப் படம் என்பது பொதுவான கணக்கு. ஆகவே பத்து நிமிடக் குறும்படத்துக்குப் பத்துப் பக்கங்கள் போதும்.

"உம்மா வெளிநாட்டில் வேலை செய்வதால், அந்தச் சிறுமி வீட்டுப் பாரத்தைச் சுமந்தாள்" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். அதைத் திரைக்கதையாக இவ்வாறு எழுதலாம்:

காட்சி 1. உள்ளே. குசினி. இரவு.

மகள் (வயது 14) பானையில் எஞ்சிய சோற்றை வழித்துத் தம்பியின் பீங்கானில் போடுகிறாள். கைத்தொலைபேசி ஒலிக்கிறது. குரற்பதிவு ஒன்று வந்திருக்கிறது. அவள் அதை அழுத்துகிறாள்.

உம்மாவின் குரல்: மகள், தம்பி சாப்பிட்டானா? நீங்க சாப்பிட்டீங்களா?

மகள் பானையைப் பார்க்கிறாள். பிறகு பதில் பதிவு செய்கிறாள்.

மகள்: தம்பி நல்லாச் சாப்பிட்டான் உம்மா. இண்டைக்கு மீன் கறி.

தொலைபேசியை வைத்துவிட்டு, ஒரு கோப்பை தண்ணீர் குடிக்கிறாள். பானையைக் கழுவத் தொடங்குகிறாள்.

இதில் "பசி" என்ற சொல் இல்லை. "தியாகம்", "ஏக்கம்" என்ற சொற்களும் இல்லை. மகள் பொய்யும் சொல்லவில்லை. உம்மா கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறாள். மற்றக் கேள்வியை அவள் விட்டுவிட்டதைப் பார்ப்பவர் கவனிப்பார். அப்படிக் கவனிக்கும்போதே அவர் அந்தக் குசினிக்குள் வந்துவிடுகிறார்.

ஒரு சோடிச் சப்பாத்து

இந்தக் கலையைக் கற்க எனக்குப் பெரிதும் உதவிய படம், ஈரானிய இயக்குநர் மஜித் மஜிதி எழுதி இயக்கி 1997 இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் குழந்தைகள்'. ஒஸ்கார் விருதின் வெளிநாட்டு மொழித் திரைப்படப் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதல் ஈரானியப் படமும் அதுவே.

கதை மிகச் சிறியது. தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைத்துக்கொண்டு வரும் வழியில் அலி அதைத் தொலைத்து விடுகிறான். வீட்டில் வாடகை பாக்கி. உம்மாவுக்குச் சுகமில்லை. வாப்பாவிடம் சொன்னால் அவர் கடன்பட வேண்டி வரும். ஆகவே இருவரும் அலியின் ஒரே சோடிச் சப்பாத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவள் காலைப் பாடசாலை முடிந்து ஓடி வருகிறாள். ஒழுங்கையில் காத்து நிற்கும் அவன் சப்பாத்தை மாற்றிக்கொண்டு மாலைப் பாடசாலைக்கு ஓடுகிறான்.

வறுமை என்பது பெரிய சொல். பெரிய சொல்லைப் படம்பிடிக்க முடியாது, சப்பாத்தைப் படம்பிடிக்கலாம். அதனால்தான் நான் மாணவிகளிடம் முதலில் ஒரு பொருளைத் தேடச் சொல்கிறேன். அப்பாஸ் கியாரொஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே' என்ற படத்தில் (1987) அந்தப் பொருள் தவறுதலாகப் பையில் வந்துவிட்ட நண்பனின் கொப்பி. வீட்டு வேலையை அந்தக் கொப்பியில் செய்துவராவிட்டால் நண்பனைப் பாடசாலையிலிருந்து விலக்கிவிடுவார்கள். அதற்காக ஒரு சிறுவன் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். ஹைஃபா அல் மன்சூர் எழுதி இயக்கிய 'வஜ்தா'வில் (2012) அது ஒரு பச்சைச் சைக்கிள். முழுவதும் சவூதி அரேபியாவிலேயே படமாக்கப்பட்ட முதல் முழுநீளக் கதைப்படம் அது. சைக்கிள் வாங்கப் பணம் சேர்க்கும் பத்து வயதுச் சிறுமி, பரிசுத் தொகைக்காகக் குர்ஆன் ஓதும் போட்டியில் சேர்கிறாள். இறுதியில் அவளுடைய உம்மாவே சைக்கிளை வாங்கிக் கொடுக்கிறார்.

சப்பாத்து, கொப்பி, சைக்கிள். மூன்றும் எங்கள் வீடுகளிலும் இருப்பவை. ஒருவருக்கு ஒரு பொருள் அவசரமாகத் தேவைப்படுகிறது. அதைப் பெறுவதில் ஒரு தடை இருக்கிறது. தடையைத் தாண்டும்போது அவர் எப்படிப்பட்டவர் என்று தெரிகிறது. திரைக்கதையின் முதுகெலும்பு இவ்வளவுதான்.

பள்ளிவாசலின் சீனி

'சொர்க்கத்தின் குழந்தைகள்' படத்தில் இன்னொரு காட்சி உண்டு. பள்ளிவாசலுக்காகத் தரப்பட்ட சீனிக் கட்டிகளை வாப்பா வீட்டில் உடைத்துக்கொண்டிருக்கிறார். தேநீர் கொண்டுவந்த மகளிடம் சீனி கேட்கிறார். இங்கேதான் இவ்வளவு சீனி இருக்கிறதே என்கிறாள் அவள். அது பள்ளிவாசலுக்குரியது, நம்மை நம்பித் தந்தது என்கிறார் வாப்பா. அந்தக் குடும்பத்தின் கண்ணியம் முழுவதையும் இந்தச் சிறிய காட்சி காட்டிவிடுகிறது.

"எங்கட வீட்டுக் கதையை எழுதலாமா?" என்ற கேள்விக்கு நான் இக்காட்சியைத்தான் நினைவுபடுத்துவேன். உம்மா அழுதது, வாப்பா கடன்பட்டது, தாத்தாவின் கலியாணம் தள்ளிப்போனது எல்லாம் எங்களை நம்பிக் கைக்குள் வந்த சீனி. அவற்றைப் பார்த்ததனால் மட்டும் அவை எங்களுடையவை ஆகிவிடா.

அப்படியானால் எழுதவே கூடாதா? எழுதலாம். மூன்று விடயங்களைக் கடைப்பிடித்தால் போதும். முதலாவது, கதைக்குரியவரிடம் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். அவர் ஒரு காட்சியை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுங்கள். இரண்டாவது, உணர்வை வைத்துக்கொண்டு சம்பவத்தை மாற்றுங்கள். கடனுக்கு அடகு வைத்தது மாலையானால் அதைத் தையல் இயந்திரமாக்கலாம்; ஊரையும் வயதையும் மாற்றலாம். வலி அப்படியே இருக்கும். ஆளை மட்டும் யாரும் அடையாளம் காணமாட்டார்கள். மூன்றாவது, யாரையும் அவமானப்படுத்தும் காட்சி கதைக்கு உண்மையிலேயே தேவையா என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.

கடைசியாகச் சொன்னதற்கு எனக்குத் தெரிந்த சிறந்த உதாரணம் ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்கிய படைப்பில் இருக்கிறது. 'பதேர் பாஞ்சாலி' நாவலை எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாய் ஒரு பள்ளி ஆசிரியர். 1929 இல் நூலாக வந்த அந்த நாவலைச் சத்யஜித் ரே 1955 இல் படமாக்கினார். ரேயிடம் முழுமையான திரைக்கதைப் பிரதிகூட இருக்கவில்லை; படங்களும் குறிப்புகளுமாக அவர் வரைந்து வைத்தவையே வழிகாட்டின.

படத்தில் அக்கா துர்கா மீது ஒரு மணிமாலையைத் திருடியதாகப் பழி விழுகிறது. அவள் மறுக்கிறாள். பின்னர் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது தம்பி அப்பு அந்த மாலையைத் தற்செயலாகக் கண்டெடுக்கிறான். யாரிடமும் காட்டவில்லை. குளத்தில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மூடிக்கொள்கிறது. ஒரு வார்த்தையும் பேசாமல் தம்பி அக்காவின் மானத்தைக் காக்கிறான். எழுதுகிறவருக்கும் சில வேளைகளில் அந்தத் தம்பியின் கை வேண்டும்.

பெரிய வரலாறும் சிறிய அடுப்பும்

சில துயரங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் உரியவை அல்ல. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் இருந்தவர்களுக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த ஒரு மாணவி இதைத் தன் உம்மம்மாவிடம் கேட்டிருப்பாள். அவள் அந்த முழு வரலாற்றையும் பத்துப் பக்கங்களில் எழுத முடியாது. ஆனால் ஒரு வீட்டை எழுதலாம். அறிவித்தல் வந்தபோது அடுப்பில் என்ன இருந்தது? எதைப் பையில் வைத்தார்கள், பிறகு எதை வெளியே எடுத்தார்கள்? கதவைப் பூட்டினார்களா? இக்கேள்விகளை உம்மம்மாவிடம் மெதுவாகக் கேட்டால், பாடநூலில் இல்லாத வரலாறு கிடைக்கும். அவர் பதில் சொல்ல விரும்பாவிட்டால் அந்த மௌனத்தையும் மதிக்க வேண்டும்.

நம்பிக்கையை எங்கே வைப்பது?

மாணவிகளின் பிரதிகளில் நம்பிக்கை பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பொழிவாக வரும். "விடாமுயற்சி வெற்றி தரும்" என்று யாராவது சொல்லுவார்கள், படம் முடிந்துவிடும். மஜிதி வேறு விதமாக முடிக்கிறார். மூன்றாம் பரிசு ஒரு சோடிச் சப்பாத்து என்பதால் ஓட்டப் போட்டியில் மூன்றாம் இடத்துக்கு ஓடும் அலி, முதலாம் இடத்தைப் பெற்றுத் தோற்றுப்போனவனாக வீடு திரும்புகிறான். கொப்பளித்த கால்களை முற்றத்துத் தண்ணீர்த் தொட்டியில் வைக்கிறான். தங்கமீன்கள் கால்களைச் சுற்றி வருகின்றன. அதற்குச் சற்று முன்பு வாப்பாவின் சைக்கிளை ஒரு கணம் காட்டுகிறார்கள். அதில் புதுச் சப்பாத்துகள் இருக்கின்றன. அலிக்கு இது தெரியாது. பார்க்கும் எங்களுக்குத் தெரியும்.

போராடும் ஒருவருக்காக அவர் அறியாமலே இன்னொருவர் எதையோ செய்துகொண்டிருக்கிறார் என்பதே இந்த முடிவு தரும் நம்பிக்கை. குடும்பம் என்றாலும் அதுதானே.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் திரைக்கதை எழுதுகிறேன் என்றால் படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாள் என்று அஞ்ச வேண்டாம். கவனித்துப் பார்க்கவும், சுருக்கமாக எழுதவும், இன்னொருவரின் இடத்தில் நின்று யோசிக்கவும் அவள் பழகுகிறாள். உங்கள் பழைய கதைகளை அவள் கேட்டால், சொல்லக்கூடியதைச் சொல்லுங்கள். எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று அவளோடு பேசுங்கள்.

மாணவிகளே, இந்த விடுமுறையில் உங்கள் வீட்டில் ஒரு பொருளைத் தெரிவுசெய்யுங்கள். அது யாருக்கு ஏன் வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். அதன் பிறகு ஒரு காட்சி. யாரும் அழ வேண்டாம், யாரும் உபதேசம் செய்ய வேண்டாம். எழுதி முடித்ததும் வீட்டாருக்கு முதலில் வாசித்துக் காட்டுங்கள்.