தூண்டிலும் விருந்தும்
(லண்டன் வீதிகளில் - 11)

சென்ற வாரம் பிக்கடில்லி வீதியில் நின்றுவிட்டோம். இந்த வாரம் அங்கிருந்து தெற்கே இறங்கும் செயின்ட் ஜேம்ஸ் தெருவுக்குள் நுழைவோம். இத்தெருவின் 50-ஆம் இலக்கத்தில், பிரபுக்களின் கழகங்களுக்கு நடுவே, 1828-ஆம் ஆண்டில் ஒரு மாளிகை திறக்கப்பட்டது. அதைக் கட்டுவித்தவர் பிரபு அல்லர். டெம்பிள் பார் அருகே மீன் விற்றுப் பிழைத்த ஒருவருடைய புதல்வர். வில்லியம் க்ராக்ஃபோர்டு என்பது அவர் பெயர். மீன் வியாபாரத்தை விட்டுச் சூதாட்டத் தொழிலுக்கு வந்தவர் என்று அவரைப் பற்றி எழுதுவார்கள். எனக்கென்னவோ அவர் தொழிலை விடவேயில்லை, மீன்களைத்தான் மாற்றிக்கொண்டார் என்று தோன்றுகிறது.

அந்த மாளிகையின் பெருமை பகடைக் காய்களைவிடச் சாப்பாட்டு மேஜையில்தான் அதிகம் இருந்தது. நள்ளிரவில் பார்லிமென்டிலிருந்தும் நாடகசாலையிலிருந்தும் பசியோடு வருவோருக்கு, செஃப்டன் பிரபுவின் மடைப்பள்ளியில் கீர்த்தி பெற்ற யூட் என்னும் பிரெஞ்சுக்காரர் சமைத்த போஜனமும் உயர்ந்த மதுவும் காசு வாங்காமல் பரிமாறப்பட்டன; வெல்லிங்டன் கோமகனே அங்கத்தினராக இருந்த அந்தச் சபையில் ஆடும்படி எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை; ஆயினும், வயிறார உண்டுவிட்டு வெறுமே எழுந்து போவது மரியாதையாகுமா என்ற சங்கோசமே பலரை அடுத்த அறையிலிருந்த ஹஸார்டு என்னும் பகடை ஆட்டத்துக்குக் கைப்பிடித்து அழைத்துச் சென்றிருக்கும். 1840-இல் க்ராக்ஃபோர்டு ஓய்வு பெற்றபோது, தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த பிரபு குடும்பத்துச் செல்வங்கள் பல அவருடைய பெட்டிக்குள் இருந்தன.

சூதில் கிட்டும் வெற்றியை, இரையென்று நம்பி மீன் விழுங்கிய தூண்டில் இரும்புக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். இரை வெற்றியாகத்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, ஒருவேளைச் சோறாகவும் ஒரு கும்பிடாகவும்கூட இருக்கலாம் என்பது லண்டன் அதற்கு எழுதிய உரை.

பின்னாளில் இதே கலையைப் பெர்க்லி சதுக்கத்து 44-ஆம் இலக்கத்தில் வளர்த்தவர் ஜான் ஆஸ்பினால். 1960-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டத்துக்கு வழிவிட்ட கையோடு, 1962-இல் அவர் திறந்த க்ளெர்மான்ட் கழகத்தில், லூகன் பிரபு இரவுதோறும் மேஜையில் காணப்படுவார். வேடர்கள் பார்வை மான் வைத்து மற்ற மான்களைப் பிடிப்பதுபோல, பட்டம் தாங்கிய ஒருவரைக் காட்டித் தனவந்தர்களை வரவழைக்கவே அவர் அங்கே அமர்த்தப்பட்டிருந்தார் என்று சொல்வதுண்டு. 1974 நவம்பரில், தம் குழந்தைகளின் செவிலி கொலையுண்ட இரவுக்குப் பிறகு அவர் மறைந்துபோனார், இன்றுவரை அகப்படவில்லை.

அரசாங்கமும் சும்மா இருக்கவில்லை. 1968-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டச் சாலைகளின் விளம்பரத்தை ஒடுக்கியது. அங்கத்தினராக விரும்புவோர் 48 மணி நேரம் காத்திருக்க வேண்டுமென்றது. ஆடுவதற்குக் கடன் கொடுக்கலாகாது, வாங்கும் செக்கை இரண்டு வேலை நாட்களுக்குள் பாங்கியில் செலுத்திவிட வேண்டும் என்றது. கடன் என்ற முள்ளைச் சட்டம் இவ்வாறு ஒடித்தது. உபசாரம் என்ற இரையோ தங்கிவிட்டது.

இந்த உபசாரத்தின் கணக்கு எளிது. புன்டோ பாங்கோ என்னும் சீட்டாட்டத்தில், பந்தயம் வைக்கப்படும் 100 பவுனில் சுமார் ஒன்று முதல் ஒன்றேகால் பவுன் வரையே நாளடைவில் சூதாட்டச் சாலைக்குச் சேரும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் விகிதம். ஆனால் ஒரு கைக்கு ஒரு லட்சம் பவுன் வைக்கும் தனவந்தர், ஜயித்தாலும் தோற்றாலும், சராசரியில் கைக்கு ஆயிரம் பவுனுக்கு மேல் கொட்டிக் கொடுப்பவர். நிமிஷத்துக்கு ஒன்றிரண்டு கை ஆடிவிடலாம் என்றால், அவரை அழைத்துவரும் காரும், தங்க வைக்கும் ஹோட்டலும், தனி அறையும், தோற்ற தொகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரும் தாராளமும் எவ்வளவு மலிவான செலவுகள்! அவர் எழுந்து போகாமலிருக்க வேண்டும். அதற்காக அவர் என்ன கேட்டாலும் இல்லையென்று சொல்லாமலிருக்க வேண்டும்.

இல்லையென்று சொல்லாத இந்தப் பழக்கமே ஒருமுறை சாலையைக் கவிழ்த்தது. 2012 ஆகஸ்டில், மேஃபேர் பேட்டையின் கர்ஸன் தெருவில், பழைய மீன்காரர் மகனின் பெயரைத் தாங்கி நின்ற க்ராக்ஃபோர்ட்ஸ் சூதாட்டச் சாலைக்கு, பில் ஐவி என்ற அமெரிக்க ஆட்டக்காரர் ஒரு தோழியுடன் வந்தார். சகுனம் பார்ப்பவர்கள்போல் நடித்து, நல்ல சீட்டுகளை ஒரு பக்கமாகவும் மற்றவற்றை வேறு பக்கமாகவும் திருப்பி வைக்கும்படியும், அதே சீட்டுக் கட்டுகளையே தொடர்ந்து உபயோகிக்கும்படியும் கேட்டார்கள். பணக்காரரின் மூடநம்பிக்கை சாலைக்கு லாபமல்லவா? கேட்டபடியே நடந்தது. சீட்டின் முதுகிலிருந்த சித்திரம் இரு ஓரங்களிலும் ஒரே சீராக வெட்டப்படவில்லை என்பதும், திருப்பி வைத்தபின் எது நல்ல சீட்டென்று பார்த்தே சொல்லிவிடலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். கைக்கு 1,50,000 பவுன் வரை வைத்து ஆடிய ஐவி, ஒரு சீட்டையும் தொடாமலே, இரண்டு நாளில் 77 லட்சம் பவுன் ஜயித்தார்.

சாலை அவர் கொண்டுவந்த பத்து லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தது. ஜயித்த பணத்தைக் கொடுக்க மறுத்தது. வழக்கு பல ஆண்டுகள் நடந்து, 2017 அக்டோபர் 25 அன்று, உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் இது மோசடியே என்று ஒருமித்துத் தீர்ப்பளித்தார்கள். தாம் செய்தது மோசடியல்ல என்று ஐவி மனமார நம்பினார் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. எனினும் நேர்மையை அளக்கும் கோல் செய்தவனுடைய எண்ணமன்று, சாதாரண ஜனங்களின் நியாய உணர்ச்சியே என்றது நீதிமன்றம். தீர்ப்பு சரியானதே. ஆனால், சகுனத்தை நம்பும் தனவந்தர் நிச்சயம் தோற்பார் என்பதற்காகவே அவருக்குத் தலையாட்டிய உபசாரத்தின் நேர்மையை எந்தக் கோலால் அளப்பது?

அதற்கும் ஓரளவு விடை பின்னர் கிடைத்தது. 2020 ஏப்ரலில், லண்டனிலும் பிற ஊர்களிலும் சூதாட்டச் சாலைகள் நடத்திய சீசர்ஸ் கம்பெனிக்கு, சூதாட்டக் கமிஷன் ஒரு கோடியே முப்பது லட்சம் பவுன் அபராதம் விதித்தது. தனி உபசாரம் பெற்ற வாடிக்கையாளர்கள் விஷயத்திலும் மற்றவர்கள் விஷயத்திலும் செய்ய வேண்டிய விசாரணைகளைச் செய்யவில்லை என்பது குற்றம். கமிஷன் எடுத்துக்காட்டிய வாடிக்கையாளர்களில், 12 மாதத்தில் 3,23,000 பவுன் தோற்ற ஒருவர் இருக்கிறார். அவரோடு, ஓய்வு பெற்ற தபால் ஊழியர் ஒருவரும் இருக்கிறார். அவர் 44 நாட்களில் தோற்றது 15,000 பவுன்.

கர்ஸன் தெருவின் க்ராக்ஃபோர்ட்ஸ் 2023-இல் மூடப்பட்டது. ஆனால் அந்த விருந்து ஓயவில்லை. இன்று நம் ஊர்ப் பிள்ளைகளின் கைப்பேசியிலும், முதல் ஆட்டத்துக்கு இலவசப் பணம் என்ற பெயரில் அதே இலை போடப்படுகிறது. காசு வாங்காமல் ஒருவர் நமக்குச் சோறு போட்டால், உட்காரும் முன்னே, அந்த வீட்டில் மீன் யார் என்று கேட்டுக்கொள்வது நல்லது.