குன்றும் வாவியும் வகுத்த இல்லம்

கிராமத்தில் காணி வாங்கி வீடு கட்ட முற்படுவோர் பெரும்பாலும் முதலிற் செய்வது, நிலத்தை மட்டமாக்கி, நின்ற மரங்களைத் தறித்து வீழ்த்துவதாகும். பின்னர், பட்டினத்தில் யாரோ கட்டிய வீட்டின் சாயலை அங்கே கொண்டுவந்து நாட்டுவர். இதற்கு நேர்மாறான வழியொன்றை அறிய விரும்புவோர், பெந்தோட்டைக்கு அண்மையில் தெத்துவ வாவிக்கரையில் அமைந்துள்ள லுணுகங்கை என்னும் தோட்ட இல்லத்தை நோக்குதல் தகும். லுணுகங்கை என்னும் சிங்களப் பெயர் உப்பாறு எனப் பொருள்படும்.

ஒல்லாந்தர் காலத்திற் கறுவாத் தோட்டமாகவும், ஆங்கிலேயர் காலத்தில் இறப்பர்த் தோட்டமாகவும் இருந்த அந்நிலத்தை 1948 ஆம் ஆண்டில் ஜெப்ரி பாவா விலைக்கு வாங்கினார். அக்காலத்தில் அவர் கட்டடக் கலைஞர் அல்லர். கேம்பிரிட்ஜிற் பயின்ற வழக்கறிஞர். இத்தாலியில் ஒரு தோட்ட மாளிகை வாங்க எண்ணி, அது கைகூடாமையால் தாய்நாடு மீண்டவர். தம் தோட்டத்தைத் தாம் விரும்பியவாறு திருத்த முனைந்தபோது, ஆசை இருந்த அளவுக்கு அறிவு இல்லை என்பதை உணர்ந்தார். தோட்டத்தின்மேற் கொண்ட காதலே அவரை மீண்டும் மாணவராக்கியது. 1957 இல், தமது 38 ஆவது வயதில், இலண்டனிற் கட்டடக் கலையிற் தேர்ச்சி பெற்றுத் திரும்பினார். கோட்டையிலே 1982 இல் திறக்கப்பட்ட நாடாளுமன்றக் கட்டடத்தை வகுத்தவரும் இவரே.

நிலத்தில் ஏற்கெனவே ஒரு பழைய பங்களா நின்றது. அவர் அதனை இடித்துத் தள்ளவில்லை. வாசலை இடம் மாற்றினார். விறாந்தைகளையும் முற்றங்களையும் சிறிது சிறிதாகக் கூட்டினார். வீட்டின் தெற்கே கறுவாக் குன்று என வழங்கும் மேடொன்று உண்டு. அதன் உச்சி அப்பாலுள்ள நீர்ப்பரப்பை மறைத்தது. எனவே உச்சியைச் சற்றுத் தாழ்த்தினார். இன்று விறாந்தையில் அமர்ந்து நோக்குவோர்க்குப் புற்றரை, அதன் மேலே ஒரு மகிழ மரம், மரத்தடியிற் பழைய சீனத்துச் சாடி, அதற்கும் அப்பால் வாவி, தொலைவிலே ஒரு விகாரையின் வெண்ணிறத் தாதுகோபம் என யாவும் ஒரே நேர்கோட்டிற் தோன்றும். வீட்டுக்கும் குன்றுக்கும் இடையே ஊர்ச் சாலையொன்று செல்கின்றது. அது பள்ளத்தில் தாழ்ந்து கிடப்பதால் எவர் கண்ணுக்கும் படுவதில்லை.

இயற்கைக்குப் பணிந்து கட்டிய வீடு என்று இதனைப் புகழ்வோர் உளர். நாம் அவ்வாறு கூறத் துணியோம். குன்றைக் குறைத்தவரை, ஈழத்தலரி மரங்களின் கிளைகளிற் பாரம் கட்டித் தொங்கவிட்டுத் தாம் விரும்பிய வண்ணம் வளைத்தவரை, பணிந்தவர் என்பது எங்ஙனம்? அவர் நிலத்தோடு வாதாடினார் என்பதே பொருந்தும். அவ்வாதம் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் நீடித்தது.

இஃதெல்லாம் செல்வந்தர்க்கன்றோ இயலும் என்று வாசகர் வினவலாம். குன்றைக் குறைப்பது செல்வந்தர்க்கே இயலும், மறுப்பதற்கில்லை. ஆயினும் காலையில் வெயில் எங்கு விழுகின்றது, மாரியில் வெள்ளம் எவ்வழி ஓடுகின்றது, சோளகக் காற்று எப்பக்கத்தால் வருகின்றது, எந்த மரநிழலில் வீட்டார் தாமாகவே சென்று அமர்கின்றனர் என்பவற்றை ஓராண்டு பார்த்திருக்கப் பணம் வேண்டுவதில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீடுகளைக் கட்டிய நம் முன்னோர் இவற்றை அறிந்திருந்தனர். நடுமுற்றம் வெளிச்சமும் காற்றும் தந்தது. தாழ்ந்த இறப்பு வெயிலையும் சாரலையும் தடுத்தது. திண்ணை வழிப்போக்கருக்கும் இடமளித்தது. அவ்வீடுகள் பலவற்றை இடித்துவிட்டு, நண்பகலில் உள்ளே இருக்கவொண்ணாத கொங்கிறீற்றுப் பெட்டிகளை நாம் எழுப்பியிருக்கின்றோம்.

வீட்டுக்காரரின் விருப்பமும் இவ்வாறே கவனிக்கத்தக்கது. நெசவில் ஈடுபாடுடையார்க்குத் தறிக்கேற்ற வெளிச்சம் வேண்டும். இசையில் ஈடுபாடுடையார்க்கு ஒலி சிதறாத அறை வேண்டும். பாவாவுக்கு வேண்டியிருந்தவை, தோட்டத்தைப் பார்த்தவாறு அமர்வதற்கான இடங்களே. காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என அவற்றைத் தோட்டமெங்கும் பரப்பி வைத்தார். ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு மணியைத் தொங்கவிட்டார். எம்மணி ஒலிக்கின்றது என்பதைக் கேட்டே பணியாளர் அவர் இருக்குமிடத்தை அறிந்து பானம் கொண்டு செல்வர்.

2003 மே மாதத்தில் அவர் மறைந்தார். அவரது உடல் அக்கறுவாக் குன்றிலேயே தகனம் செய்யப்பட்டது.