புயலும் இடியும் தாக்கிய தென்னந்தோப்புகள்

புயலில் விழுந்த தென்னைகளைக் கண்டு வருந்தும் குடியானவர், நின்றிருக்கும் மரங்களுக்கு இனி வரக்கூடிய அபாயத்தைப் பெரும்பாலும் எண்ணுவதில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 16-ந் தேதி விடியற்காலையில் வேதாரணியத்துக்கருகே கரையேறிய கஜா புயலினால் பட்டுக்கோட்டை, பேராவூரணி முதலிய பகுதிகளில் எண்ணிறந்த தென்னைகள் வேருடன் சாய்ந்தன. பல நடுவில் முறிந்தன. சேதமான மரமொன்றுக்கு 600 ரூபாயும், அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் சர்க்கார் உதவியாக அறிவிக்கப்பட்டது. அப்புறப்படுத்தும் கூலிக்கெனத் தனியே தொகை குறித்தது காரணமில்லாமலன்று.

விழுந்த மரம் மழையில் நனைந்து மக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடுகின்றது. புழுக்கள் சில மாத காலம் அம்மக்கையே தின்று வளர்ந்து, வண்டுகளாக வெளிவந்து, நிற்கும் மரங்களின் விரியாத குருத்தைத் துளைக்கின்றன. பின்னர் விரியும் ஓலைகள் கத்தரியால் வெட்டினாற்போல் முக்கோணமாகக் குறைந்திருப்பதே இதன் அடையாளம். ஆகையால், நல்ல விலை வரட்டுமென்று மரங்களைத் தோப்பிலேயே போட்டு வைப்பது லாபகரமன்று. எங்கும் மரம் மலிந்து கிடக்கையில் விலை எளிதில் ஏறுவதுமில்லை. உத்திரத்துக்கோ விறகுக்கோ உதவுவதை உடனே அறுத்துக் கொண்டுபோய், எஞ்சியதைப் பிளந்து உலர்த்தி எரித்துவிட வேண்டும். அடிக்கட்டையைத் தோண்டாமல் விடுவது அரைவேலையாகும்.

இடி விழுந்த மரங்களின் விஷயம் சற்று வேறு. மின்னல் பாயும்போது தண்டினுள் இருக்கும் நீர் ஒரு கணத்தில் ஆவியாகி உட்பாகத்தைச் சிதைக்கின்றது. இடி தாக்கியது ஒரே மரத்தையாயினும், சுற்றி நிற்கும் சில மரங்களும் மட்டை தொங்கி, நாட்களோ வாரங்களோ சென்று பட்டுப்போவதுண்டு. இதை வியாதியெனக் கருதி மருந்துக்குப் பணம் செலவிடுவோர் உளர். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே. அது அழுகிவிட்ட மரம் பிழையாது, வெட்டுவதே முறை. புதுக் குருத்து விடுமாயின் பொறுத்திருக்கலாம்.

உயிர்தப்பிய மரங்களின் காயமே சிவப்புக் கூன்வண்டுக்கு வாசல். காயத்தில் இட்ட முட்டையினின்று வரும் புழு தண்டினுள் குடைவது வெளியே தெரியாது. துவாரத்தில் பழுப்பு நீரும் மென்ற நாரும் தென்படும்போது சேதம் முற்றியிருக்கும். எனவே காயங்களைச் சுத்தஞ் செய்து தார் பூச வேண்டும். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டும் வழக்கத்தை அடியோடு விட்டொழிக்க வேண்டும். முறிந்த பச்சை மட்டையையும் தண்டையொட்டிக் கழிக்காமல், 4 அடி விட்டு வெட்டுவது உத்தமம்.

சாய்ந்த இளமரங்களில் ஒரு பக்கத்து வேராவது மண்ணைப் பற்றியிருந்தால், ஈரம் காயுமுன் மெதுவாக நிமிர்த்தி, முட்டுக்கொடுத்து, அடியில் மண் அணைக்கலாம். காய்ப்பிலுள்ள பெருமரங்களை அவ்விதம் நிமிர்த்த முயல்வது பெரும்பாலும் வீண் கூலியே.